பஸ் பயணம் பாதுகாப்பாக வேண்டும் என்றால் முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

கேள்வி இது: சென்னை மாதிரி வளர்ந்துகொண்டே போகும் ஊரில் பொதுப் போக்குவரத்தை, குறிப்பாக மாநகர பஸ்ஸை, பாதுகாப்பானதாகவும் நம்பி ஏறக்கூடியதாகவும் மாற்ற என்ன செய்யலாம்? கேட்டவர் தன் பங்குக்கு ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார். கேமரா, கூடுதல் போலீஸ், கடும் அபராதம், அப்புறம் நிறைய மெட்ரோ.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு தனி, சேவை தனி என்று பிரித்து வைத்துத் திட்டம் போடுவதால்தான் செலவு செய்தும் பலன் தெரிவதில்லை. படிக்கட்டு விபத்து, நெரிசலில் நடக்கும் தொல்லை, இருட்டு நிறுத்தத்தில் தனியாக நிற்கும் பயம், கண்டக்டரோடு சண்டை என எதை எடுத்தாலும், அடியில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் ஏற இடம் இருக்குமா என்பதும் தெரியாது. இதைச் சரிசெய்வது முதல் வேலை. கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையில் அது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் வரும்.

படிக்கட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடி பக்கம், படியில் தொங்கிக்கொண்டு போன 4 மாணவர்கள் லாரியில் மோதி இறந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மாநகர பஸ்ஸுக்குத் தானியங்கிக் கதவு வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். 2018 ஜூலையில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் நடந்தது இன்னும் கொடுமை. மின்கம்பிக் கோளாறு காரணமாக மின்சார ரயிலை வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் திருப்பி விட்டிருந்தார்கள். அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்பு. படியில் நின்றவர்கள் அதில் மோதி விழுந்தார்கள், 5 பேர் இறந்தார்கள். ரயில்கள் தாமதமானதால் கூட்டம் வழிந்த காலை நேரம் அது.

இந்த மாதிரி செய்தி வந்ததும் ‘கட்டுப்பாடில்லாத பசங்க’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். ‘ரூட் தல’ (ஒரு பஸ் தடத்து மாணவர்களுக்குத் தலைவன்), ‘பஸ் டே’ (பஸ்ஸை மறித்துக் கொண்டாடும் நாள்) என்று அலம்பல் செய்கிற கல்லூரி மாணவர் கூட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்குக் கல்லூரியும் போலீஸும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை வேறு. ஆனால் காலை எட்டரைக்குப் படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்குகிறவர்களில் பலர் கெத்துக்காகத் தொங்குவதில்லை. பள்ளி மணி அடித்துவிடும், ஆபீசில் பாதி நாள் லீவு போட்டுவிடுவார்கள், அடுத்த பஸ் ஐந்து நிமிஷத்திலா அரை மணியிலா என்று தெரியாது. இதில் எதை எடுத்துச் சொல்லி நீங்கள் அவரைக் கீழே இறக்குவீர்கள்? அடுத்த பஸ் ஆறு நிமிஷத்தில் வரும் என்று அனுபவத்தில் தெரிந்திருந்தால் அவரே ஏற மாட்டார்.

கதவு விஷயமும் இப்படித்தான். கதவு வைத்த பஸ்கள் வந்தன. அவற்றில் பலவற்றில் கதவைத் திறந்தபடியே ஓட்டினார்கள். டிரைவரைக் கேட்டால் நியாயமான பதில்கள் வரும்: மூடினால் வெளியே நிற்பவர்கள் தட்டுவார்கள், உதைப்பார்கள், காற்றழுத்தம் போனால் பணிமனையில் சரிசெய்ய நாளாகும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதலாக ஆகும் நேரத்தை டைம் ஷீட்டில் யாரும் கொடுப்பதில்லை. கதவு மூடினால்தான் வண்டி நகரும் என்ற அமைப்பைக் கட்டாயமாக்கலாம், ஆக்கவும் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் அந்தத் தடத்தில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை கூடுதல் நடை (டிரிப்) விடாவிட்டால், விபத்து குறைவதற்கு முன்னால் டிரைவர் அடி வாங்குவது நடந்துவிடும். கதவும் கூடுதல் நடையும் ஒரே உத்தரவில் வர வேண்டும்.

சரி, கூடுதல் நடைக்கு பஸ் எங்கே? இங்கேதான் கணக்கு கொஞ்சம் பார்க்க வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ். தினமும் ஏறுகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல். நகரத்து மக்கள்தொகையை ஒரு கோடி என்று குறைத்தே வைத்தாலும் லட்சம் பேருக்கு முப்பது சொச்சம் பஸ்தான் வருகிறது. மத்திய நகர்ப்புற அமைச்சகம் நல்ல சேவைக்கு வைத்திருக்கும் அளவுகோல் லட்சத்துக்கு 60. அதாவது பாதிதான் இருக்கிறது. இதற்கிடையில் 2011-ல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. பெருநகர எல்லையையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிக்க 2022-ல் அரசு முடிவெடுத்தது. ஊர் விரிந்த வேகத்துக்கு பஸ் பெருகவில்லை.

எனவே பஸ் வாங்கத்தான் வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நீளம் 118.9 கிலோமீட்டர். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சார பஸ்களுக்கு அறிவித்த மதிப்பு சுமார் 208 கோடி. மெட்ரோ செலவில் ஒரு சதவீதத்தை ஒதுக்கினால் முந்நூற்றைம்பது பஸ் பக்கம் வந்துவிடும். மெட்ரோ வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை. பஸ்ஸில் பிரச்சினை வாங்கும் விலை அல்ல, வருஷா வருஷம் ஓட்டுகிற செலவு. டிரைவர், கண்டக்டர் சம்பளம், டயர், டீசல் அல்லது மின்சாரம். அதற்கு உறுதியான பணம் இல்லாமல் பஸ் மட்டும் வாங்கினால் பணிமனையில் வரிசையாக நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது.

ஆனால் புது பஸ் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இருக்கிற பஸ்ஸை வைத்தே காத்திருப்பைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் குறைவு. ஒரு தடத்தில் மணிக்கு 6 பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிஷம் காத்திருப்பார். அதே 6 பஸ் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை வந்தால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிஷம். அதே எண்ணிக்கை, அதே செலவு, காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. 29சி, 21ஜி மாதிரி நீண்ட தடங்களில் போய் வந்தவர்களுக்கு இது புதிதில்லை. அரை மணி நேரம் ஒன்றுமே வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும்.

ஏன் சேருகின்றன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. முன்னால் போகும் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மூன்று நிமிஷம் மாட்டிக்கொள்கிறது. அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும், இன்னும் தாமதமாகும், அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆளே இல்லை, ஜோராக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. முன் பஸ்ஸில் படியில் தொங்குகிறார்கள், பின் பஸ்ஸில் சீட் காலி. படிக்கட்டு விபத்துக்கும் நேர ஒழுங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

இதற்கு மருந்து: அட்டவணையில் 8.10, 8.20 என்று எழுதியிருப்பதைத் துரத்துவதை விட்டுவிட்டு, இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் காப்பாற்றுவது. கூட்டத் தடங்களில் புறப்படும் இடத்திலும் நடுவில் ஓரிரு இடத்திலும் டைம் கீப்பர் பின்னால் வரும் வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்தி அனுப்ப வேண்டும். முன்பு இதைச் செய்யக் கண்தான் கருவி. இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. 2022-லேயே ‘சென்னை பஸ்’ செயலியில் பஸ் எங்கே வருகிறது என்று பயணிக்குக் காட்டத் தொடங்கினார்கள். அதே தகவலை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறை வண்டிகளை இடைவெளிவிட்டு ஓட்ட வைக்கலாம். பயணிக்கு ‘பஸ் 22 நிமிஷத்தில் வரும்’ என்று துல்லியமாகச் சொல்வதைவிட அதை 10 நிமிஷத்தில் வர வைப்பதுதான் நல்ல பயன்.

ஆனால் டிரைவரும் கண்டக்டரும் இதற்கு ஒத்துழைக்க வேண்டுமானால் அவர்களுக்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கலெக்‌ஷனைப் பார்த்துப் படி (பேட்டா) என்றால் வண்டியை முன்னால் விட்டுக் கூட்டத்தை அள்ளவோ, மெதுவாகப் போய்ச் சேர்த்துக்கொள்ளவோ தோன்றும். கோவை பக்கம் தனியார் டவுன் பஸ்களில் டைமிங்குக்காக நடக்கும் பந்தயமும் சண்டையும் இதன் முற்றிய வடிவம். தென்கொரியாவின் சியோலிலும் அப்படித்தான் தனியார் பஸ்கள் ஆளுக்காகப் பறந்துகொண்டிருந்தன. 2004 ஜூலையில் ஒரே நாளில் முறையை மாற்றினார்கள்: டிக்கெட் பணம் எல்லாம் பொதுவில், பஸ் கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி, பஸ்ஸுக்குத் தனி லேன், பஸ்ஸும் சுரங்க ரயிலும் மாறி மாறி ஏறினாலும் தூரத்துக்கு ஒரே கட்டணம். முதல் சில நாள் பெரிய குழப்பம், மேயர் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் போனது. பிறகு விபத்தும் குறைந்தது, பயணிகளும் கூடினார்கள்.

சென்னையில் புதிய மின்சார பஸ்களும் கிலோமீட்டர் கணக்கில்தான் ஓடுகின்றன. வண்டியும் டிரைவரும் ஒப்பந்தக் கம்பெனியுடையது, கண்டக்டர் கழகத்தின் ஆள். இது நல்ல திசைதான், ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. கிலோமீட்டருக்குப் பணம் என்றால் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் கிலோமீட்டர் ஏறும். எனவே நிறுத்தம் தாண்டினால், இடைவெளி கெட்டால், கதவு திறந்து ஓட்டினால் பிடித்தம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், ஜிபிஎஸ் பதிவை வைத்து அது தானாகக் கழிய வேண்டும். ஒப்பந்த டிரைவரின் வேலை நேரத்தையும் கழகமே பார்க்க வேண்டும். பதினான்கு மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்தவரிடம் பாதுகாப்புப் பயிற்சி எடுபடாது.

பெண்கள் பாதுகாப்புக்கு வருகிறேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது. இதை வெறும் சலுகை என்று பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பகலில் வீட்டுவேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பெண்கள் நிறையப் பேர் ஏற ஆரம்பித்ததே ஒரு பாதுகாப்புதான். பஸ்ஸில் பத்துப் பெண்கள் இருப்பதும் ஒருத்தி மட்டும் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் திட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருக்கிறது. இலவசம் சாதாரண பஸ்ஸில் மட்டும். மாதச் செலவை எண்ணிப் பார்க்கிற பெண், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி என்று மூன்று பஸ் போனாலும் விட்டுவிட்டு நிற்பார். அவருக்கு அந்தத் தடத்தில் மணிக்கு எட்டு பஸ் இல்லை, மூன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு இருட்டில் நிற்பவரும் அவர்தான். மாலை ஏழுக்கு மேல் எல்லா பஸ்ஸும் சாதாரணக் கட்டணத்தில் ஓடட்டும் என்பது என் யோசனை. வருமானம் கொஞ்சம் குறையும், நிறுத்தத்தில் நிற்கும் நேரம் நிறையக் குறையும்.

இதோடு சேர்த்து இரவில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் கேட்ட இடத்தில் இறக்கிவிடும் வழக்கம் வர வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் 1991 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. செலவே இல்லாத காரியம், ஒரு சுற்றறிக்கை போதும். அதேபோல் ஒவ்வொரு தடத்திலும் கடைசி பஸ் எது என்று நிறுத்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும், அந்த ஒரு நடையை என்ன ஆனாலும் ரத்து செய்யக் கூடாது. மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடுகிறது. இறங்கினால் வீட்டுக்குப் போகச் சிறு பஸ் இல்லை, ஆட்டோக்காரர் சொல்லும் விலைதான். மெட்ரோ கடைசி ரயிலும் இணைப்பு பஸ்ஸும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஓடுவதில் யாருக்கு லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

தொல்லை கொடுப்பவர்களைப் பற்றிய சட்டம் நம்மிடம் பலமாகவே இருக்கிறது. 1998-ல் தமிழ்நாடு கொண்டுவந்த பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்கும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2022-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றுக்குக் கண்டக்டர் அந்த ஆளை இறக்கிவிடலாம் என்றும் எழுதினார்கள். நடப்பில் என்ன ஆகும்? அறுபது பேர் நிற்கிற வண்டியை ஸ்டேஷனுக்குத் திருப்பினால் ‘எங்களுக்கு டைம் ஆவுது, நீ இறங்கிப் போய் புகார் கொடும்மா’ என்று நாலு குரல் வரும். அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வார். பஸ்ஸைத் திருப்பாமல் போலீஸ் அடுத்த பெரிய நிறுத்தத்துக்கு வருகிற மாதிரி செய்தால் சட்டத்தின் நோக்கமும் கெடாது, மற்றவர்கள் வாயும் அடங்கும். கண்டக்டர் டிக்கெட் மெஷினிலேயே ஒரு பொத்தான், இடமும் நேரமும் தானாகப் பதிவாகும்.

கேமராவுக்கு வந்தாயிற்று. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், பயணிகள் கண்ணெதிரே ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே ஒரு கேமராகூட இல்லை என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நகரின் நடுவில், தினமும் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் நிலையத்தில் கேமரா இல்லாதது மன்னிக்க முடியாதது, சந்தேகமே இல்லை. அதன் பிறகு நிலைமை மாறியது. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் 2022 முதல் மாநகர பஸ்களிலும் கேமராவும் அவசர பொத்தானும் வைத்தார்கள். நான் கேட்பது வேறு: பொத்தானை அழுத்தினால் எத்தனை நிமிஷத்தில் யார் வருகிறார்? எத்தனை பஸ்ஸில் பொருத்தினோம் என்ற எண்ணிக்கை விழா மேடைக்கு உதவும். பதில் வர ஆன நேரத்தை மாதாமாதம் அளந்தால்தான் பொத்தானுக்கு மதிப்பு. கேமராவும் நடந்த பிறகு ஆளைப் பிடிக்க உதவும். நடக்காமல் தடுப்பது பெரும்பாலும் வெளிச்சம், கடை, ஆள் நடமாட்டம், பிளாட்பாரத்தில் பணியாளர். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையங்களைப் பாருங்கள், மாளிகை மாதிரி கட்டிடம், உள்ளே காலியான தளங்கள். அங்கே கடைகளைத் திறந்து வாடகைக்கு விட்டாலே பாதி பயம் போய்விடும்.

நிறுத்தங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். பஸ் ஏன் நடுரோட்டில் நிற்கிறது? ஓரத்தில் ஆட்டோ, ஷேர் ஆட்டோ, பார்க்கிங். பஸ் உள்ளே ஒதுங்கும்படி நடைபாதையை வெட்டி இடம் விட்டிருந்தால் டிரைவர் அதற்குள் போகவே மாட்டார், போனால் வெளியே வர யாரும் வழி விடமாட்டார்கள் என்று தெரியும். ஆகவே பயணி ரோட்டில் இறங்கி ஓடுகிறார், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் பைக் புகுந்து வருகிறது, இறங்குகிறவர் மீது இடிக்கிறது. இதற்குத் தீர்வு தலைகீழாகச் செய்வது: நடைபாதையை நிறுத்தத்தில் மட்டும் வெளியே நீட்டி பஸ் ஓடுகிற லேன் வரை கொண்டுவந்துவிட வேண்டும். பஸ் நேராக நிற்கும், ஆட்டோவுக்கு இடமிருக்காது, பைக் புக வழி இருக்காது. 400 மில்லிமீட்டர் உயரத் தாழ்தளப் பேருந்துகள் 2024 முதல் வந்துகொண்டிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் பெற்றது அது. அந்த பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் இப்படி நீட்டிய, உயரம் பொருந்திய நடைபாதை இருந்தால்தான் முடியும். இல்லாவிட்டால் தாழ்தளம் பேருக்குத்தான். 2014-லேயே மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டு, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் அதற்கே என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தில் பஸ் நிறுத்தத்துக்கு முதல் பங்கு கேட்கலாம்.

தனி பஸ் லேன் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது, டெல்லியில் கார்க்காரர்கள் கூச்சலுக்குப் பணிந்து 2016-ல் இடித்தார்கள். மெட்ரோ வேலை முடிந்து சாலைகளைத் திரும்பப் போடும்போது ஒரு லேனை பஸ்ஸுக்கு ஒதுக்குவதுதான் சென்னைக்குக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம். போட்டு முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இதையெல்லாம் யார் செய்வது? பஸ் ஒரு துறை, புறநகர் ரயில் ரயில்வே, மெட்ரோ தனி நிறுவனம், நிறுத்தம் மாநகராட்சி, சாலை நெடுஞ்சாலைத் துறை, சிக்னல் போலீஸ். இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். பன்னிரண்டு வருஷம்! 2023 கடைசியில் கிளாம்பாக்கம் வெளியூர் பஸ் முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை, பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் திண்டாடினார்கள். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி மூலம் பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் வந்தது, நல்ல வேலை. டிக்கெட் சேர்ந்துவிட்டது, நேர அட்டவணை இன்னும் சேரவில்லை.

கேட்டவர் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் இருப்பதாகச் சொன்னார், அதனால் கடைசியாக நடைமுறைக்கு ஒன்று. மனு கொடுக்கும்போது ‘கூடுதல் பஸ் வேண்டும்’ என்று எழுதாதீர்கள், ‘பரிசீலிக்கப்படும்’ என்று வரும், அதோடு சரி. உங்கள் பகுதித் தடங்களை எந்தப் பணிமனை ஓட்டுகிறது என்று பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தப் பணிமனைக்கு மூன்று கேள்வி போடுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் தடம் வாரியாக அட்டவணைப்படி எத்தனை நடை, ஓடியது எத்தனை, ஓடாததற்குக் காரணம் வண்டியா ஆளா? கடைசி பஸ் எத்தனை நாள் ரத்தானது? அவசர பொத்தான் அழைப்புகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பதில் வர ஆன நேரம் எவ்வளவு? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிளை மேலாளரைப் பார்க்கப் போங்கள். அவருக்கும் மேலிடத்தில் ஆள் கேட்க அந்தக் காகிதம் உதவும்.